எல்லை தாண்டாத பிஸ்தோல்

ஆடி வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல், பாரிஸின் ரூ காய் தெருத் தேநீர்க்கடையின் கடைசி மேசையில் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, கொதிக்கிற தேநீரை ஊதி ஊதிக் குடிக்கிறார் வின்சன்ற். வியர்வை மூக்கு நுனிவரை வந்து நிற்கிறது. துடைக்கமாட்டார்.

“என்ன அண்ணை, உள்ளுக்கை ஸ்னோ கொட்டுதோ?” என்று பரிமாறுகிற மடுத்தீன் நாள் தவறாமல் கேட்பான்.

“உள்ள ஆள் இருக்குய்யா. உனக்கு இன்னாத்துக்கு?”

அந்த ஆள் ஒரு பிஸ்தோல். இடது அக்குளுக்குக் கீழே, தோலுறையில் படுத்திருக்கிறது. வின்சன்ற் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, நகைக்கடைப் பொதிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறு நிறுவனமொன்றில் இப்போது காவலர். வேலை நாட்களில் அதை மறைவாக வைத்துக்கொள்ள அரசாங்க அனுமதி, அவர் வாயில் ‘பெர்மி’, உண்டு. அதனால் திங்கள் முதல் சனிவரை யாரையும் கிட்ட நெருங்கவிடார். கட்டிப்பிடிக்கப் போனால் பின்னால் நகர்வார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மாதாகோவில் வாசலில் நிற்கிற எல்லோரையும் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவார், வாரக்கடனைத் தீர்ப்பவர் மாதிரி.

அவரைப் போலப் பேசிக்காட்டுவது சுலபம். பிரெஞ்சில் ‘சரி’ என்பதற்கான ‘போன்’ என்று மூக்கால் தொடங்கி, ‘அவ்வளவுதான்’ என்பதற்கான ‘வொலா’ என்று முடித்தால் போதும்; நடுவில் எது வந்தாலும் வின்சன்ற்தான். ஆனால் போன மாதம் நகைக்கடை அரியரத்தினத்திடம் அவர் பேசியதை நான் நடித்துக்காட்டியபோது தேநீர்க்கடையில் யாரும் சிரிக்கவில்லை.

பிரசல்ஸில் ஒரு கலியாணம். தாலிக்கொடி செய்தது அரியரத்தினம். கொண்டுபோகும் வேலை வின்சன்றுடையது. சில நாட்களுக்கு முன்தான் அந்த ஊர் ரயிலடியில் ஒருவரின் நகைப்பையை அடித்துப் பறித்திருந்தார்கள்.

“வின்சன்ற் அண்ணை, மாப்பிளை பகுதி அங்கை வழி பார்த்துக்கொண்டு நிக்குது. உங்கடை சாமானையும் வைச்சுக்கொண்டு கவனமாப் போங்கோ.”

“போன். சாமான் வராது.”

“ஏனாம்?”

“பிரான்ஸ் முடியற எடத்துல என் பெர்மியும் முடிஞ்சிடுது. அந்தாண்ட பெல்ஜிக்காரன் சட்டம். எழுதிக் கேட்டேன், பதில் வல்ல. பதில் வல்லன்னா கூடாதுன்னு அர்த்தம். வொலா.”

“ஐயோ அண்ணை, ஆனையையோ கொண்டுபோறியள்? கோட்டுக்குள்ளைதானே! ஆர் பாக்கப்போறான்?”

“பாத்தான்னா பெர்மி போவும், வேலை போவும். அப்புறம் எம் புள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?”

“வெறுங்கையோடை போய்ப் பறிகுடுத்தியளெண்டா, கலியாண வீட்டுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல?”

“பயம் எனக்கும் இருக்குய்யா. நான் பயந்தா அவன் சட்டம் மாறிடுமா?”

அவருடைய மனைவி மர்கரீத் ஒரு வழி சொன்னார். “நான் கழுத்துல மாட்டிக்கினு மேல சால்வையப் போத்திக்கறேன். எவன் தொடுவான்?”

அரியரத்தினம் இரண்டு காதையும் பொத்தினார். “அக்கா, தாலியக்கா அது! நாள் பார்த்துப் பொன்னுருக்கினது. பொம்பிளையின்ரை கழுத்திலை ஏற முந்தி வேறை கழுத்தோ? சம்பந்திமார் என்னை உரிச்சுப்போடுவினம்.”

“உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி,” என்றார் மர்கரீத்.

வின்சன்ற் நிறுவனத்துக்குப் போய்ப் பிஸ்தோலைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, வெறும் உறையோடு திரும்பி வந்தார். சிவப்புப் பட்டில் சுற்றிய தாலிக்கொடியை அந்த உறைக்குள் இறக்கி வாரை மாட்டினார். “இத்த விட இறுக்கமான பை பாரிஸ்ல கெடையாது.”

அதே கலியாணத்துக்குப் போன நான் ரயிலில் அவருக்கு எதிரே இருந்தேன். மனிதர் சாயவில்லை, தூங்கவில்லை. யாரோ பெட்டியைத் தொப்பென்று வைத்ததற்குப் பாதி எழுந்துவிட்டார். எல்லை தாண்டியதும் ஒரு பெல்ஜிய சுங்க அதிகாரி வந்தார். கதவைத் திறந்து, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நடந்தார்.

“மிசியே! என்னைப் பார்க்காமல் போகிறீர்களே!” வின்சன்ற் பிரெஞ்சில் கூப்பிட்டுக்கொண்டே எழுந்தார்.

நான் கையைப் பிடித்து இழுத்தேன். “அண்ணை, விடுங்கோ. அவன் போறான்.”

“நீ சும்மா இரு. அவன் கேக்கலன்னு நான் சொல்லாம இருக்கறதுன்னா, அந்த பிஸ்தோலையே கொண்டாந்திருக்கலாமே!”

கோட்டைத் திறந்தார். தோலுறையைக் கண்ட அதிகாரி சட்டென்று பின்வாங்கினார். அவர் கை தன் இடுப்புக்குப் போனது. வின்சன்ற் முதலில் இரண்டு கையையும் உயர்த்தினார். பிறகு இரண்டு விரலால் உறைவாயின் வாரைக் கழற்றி, பட்டுப்பொதியை மெதுவாக உருவி, உள்ளங்கையில் விரித்தார். தாலிக்கொடியையும் கடைச்சீட்டையும் பார்த்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, சரி. போதும், உட்காருங்கள்.”

வின்சன்ற் உட்காரவில்லை. பட்டுப்பொதியை என் மடியில் வைத்துவிட்டு, உறையைத் தோளிலிருந்து கழற்றித் தலைகீழாகப் பிடித்து, அதிகாரியின் முகத்துக்கு முன்னால் இரண்டு தரம் உதறிக் காட்டினார்.