கொஞ்ச நேரம், சார்

எங்கள் தெருவில் ஹெர்மினியாவின் வீட்டில்தான் ஆள் இல்லாத அறைக்கு வாராவாரம் படுக்கை விரிப்பு மாறும். மகன் வரப்போகிறானாம். பல வருஷமாக வரப்போகிறான்.

அவளும் என்னைப் போல பிலிப்பைன்ஸ்காரி, பத்தாங்காஸ் பக்கம். ஆஸ்திரேலியாவின் இந்த டன்வெல் ஊரில் பைன் மரத்தையும் மழையையும் விட்டால் அதிகம் ஒன்றும் கிடையாது. முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை அவளுக்கு. முதல் புருஷன் செத்தபின் மரலாரி ஓட்டும் வெள்ளைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ஆறு வயசுப் பையன் அன்செல்மோவை அவன் அப்பா வீட்டார் தரமாட்டோம் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மனசு மாறியபோது பையனுக்கு மீசை முளைத்துவிட்டது. பிள்ளை என்று சொல்லி அழைத்துவரும் வயசைச் சட்டப்படி தாண்டிவிட்டான். லாரிக்காரனும் போய்ச் சேர்ந்தான்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அன்செல்மோ இப்போது டீசல் மெக்கானிக். அந்தத் தொழிலுக்கு இங்கே ஆள் பஞ்சம். வெளிநாட்டில் இருக்கும் ஒருவனை, ‘இவன் எங்கள் மாநிலத்துக்கு வேண்டும்’ என்று மாநில அரசு முன்மொழிந்தால்தான் விசாவுக்கே மனுப் போடலாம். வருஷத்துக்குக் கொஞ்சம் பேருக்குத்தான் கிடைக்கும். வந்தபின் சில வருஷம் பெரிய நகரத்துக்கு ஓடாமல் இந்த மாதிரி ஊரில்தான் கிடக்கவேண்டும். மற்றவர்கள் முகத்தைச் சுளிக்கும் அந்த நிபந்தனையைக் கேட்டு, இவள் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

மனு போனது. ஒரு மத்தியானம் நான் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தபோது போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, எம்மவன் பொய் சொல்லிட்டான்னு எழுதியிருக்காங்க.”

வாங்கிப் படித்தேன். அவன் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கு மாநில அலுவலகத்திலிருந்து போன் செய்து விசாரித்தார்களாம். அவன் அங்கே கொஞ்ச காலம்தான் இருந்ததாகச் சொன்னார்களாம். மனுவில் எழுதிய வருஷக் கணக்கோடு இது ஒத்துப்போகவில்லை. விளக்கம் தராவிட்டால் தள்ளுபடி.

“உண்மையச் சொல்லு ஹெர்மி. நடுவுல வேலைய விட்டுட்டு ஊர் சுத்தினானா?”

“ஐயோ, படிப்பு முடிச்சதுலேர்ந்து அந்த ஒர்க்‌ஷாப்புலதான் கெடக்கான்.”

“நீ பாத்தியா?”

அவள் முகம் செத்துப்போயிற்று. பார்த்திருந்தால் இந்தப் பாடெல்லாம் எதற்கு?

அழுதால் வேலை நடக்காது. கருவாட்டை இறக்கி வைத்துவிட்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்கு நானே போன் போட்டேன். முதலாளியின் கொழுந்தியாள் டெஸ்ஸிங் எடுத்தாள்.

“ஆஸ்திரேலியாவுலேர்ந்து ஒரு போன் வந்துச்சாமே. நீதான் எடுத்தியா?”

“நாந்தான் அக்கா. முதலாளி லாரிக்கு அடியில கெடந்தாரு.”

“என்னத்தடி சொல்லித் தொலச்ச?”

“ஒண்ணுமே சொல்லல! அன்செல்மோ இங்க வேலை பாக்குறாரான்னு ஒரு சார் கேட்டாரு. முதலாளியக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்தா லைன் கட்டு. மரியாதை தெரியாத மனுசன்.”

“ஓடுறதுக்கு முன்னால என்ன சொன்ன? அத அப்படியே சொல்லு.”

“எல்லாரும் சொல்றதுதான். ‘ஃபார் எ வைல், சார்’னேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் நாட்டு இங்கிலீஷில் அதற்கு ‘கொஞ்ச நேரம் இருங்க’ என்று அர்த்தம். அங்கே போனை எடுக்கும் எவளும் அதைத்தான் சொல்வாள். வெள்ளைக்காரன் காதில் அது ‘கொஞ்ச காலம்’ என்று விழும். அன்செல்மோ அங்கே வேலை பார்க்கிறானா? கொஞ்ச காலம், சார். அவரும் எழுதிக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

நான் இங்கே வந்த புதிதில் மர மில் மேஸ்திரி என் புருஷனைக் கேட்டுப் போன் செய்தார். ‘இங்க வேலை பிடிச்சிருக்கா அவனுக்கு?’ என்றார். நானும் இதையே சொல்லிவிட்டு இவரை எழுப்பப் போனேன். இவர் வேலையை விடப்போகிறார் என்று மில் முழுக்கப் பேச்சு.

ஹெர்மினியாவுக்கு விளக்கிச் சொன்னதும் சிரித்தாள், உடனே அழுதாள். ரெண்டும் சேர்ந்து மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்துவிட்டு, நடந்ததை அப்படியே எழுதி அனுப்ப வைத்தேன். திரும்பவும் போன் செய்து விசாரிப்பதாகப் பதில் வந்தது. டெஸ்ஸிங்கிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

“இந்தத் தடவ நீ வாயே தொறக்காத.”

“ஹலோகூட சொல்லக் கூடாதா?”

“அதுலயும் ஏதாவது வில்லங்கம் பண்ணுவ. முதலாளி கையில குடு.”

போன் வந்தபோது அவள் ஊமை மாதிரி ஓடிப்போய் அதை லாரிக்கு அடியிலேயே நீட்டினாளாம். முதலாளி படுத்தபடியே கத்திக் கத்தி எல்லாவற்றையும் சொன்னாராம்.

அப்புறம் காத்திருப்பு. குளிர்காலம் போயிற்று. ஹெர்மினியா என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஒரு நாள் சாயங்காலம் வேலை உடுப்போடு என் அடுப்படியில் வந்து நின்றாள்.

“வந்துருச்சு அக்கா. மாநிலம் அவனக் கேட்டுருச்சு.”

கட்டிப்பிடித்தேன். அவள் மரக்கட்டை மாதிரி நின்றாள்.

“என்னடி? சந்தோசமா இல்லியா?”

“அவன் காலையில என்ன குடிப்பான்?”

“என்ன கேள்வி இது?”

“சின்னப் பயலா இருக்கறப்ப சோத்துல காப்பிய ஊத்திக் குடுத்தா ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டான். இப்ப என்னன்னு தெரியலியே அக்கா. போன்ல பேசினதெல்லாம் காய்ச்சல், பரிச்சை, சர்டிபிகேட்டு. அவ்வளவுதான்.”

“அவனையே கேளு.”

“கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும்ல?”

“அது இப்பத்தான் அவனுக்குத் தெரியப்போவுதாக்கும். போடு போன.”

போட்டாள். அவசரத்தில் ஸ்பீக்கர் பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டாள்.

“காப்பியா?” என்றான் அன்செல்மோ. நல்ல கட்டைக் குரல். “அல்சர் வந்ததுலேர்ந்து தொடறதேயில்லம்மா.”

“அல்சரா? எப்போ? எங்கிட்டச் சொல்லவேயில்லியேடா.”

“நீ அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு என்ன பண்ணப்போற? அதான் சொல்லல.”

“இப்பச் சொல்லு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விசா வர இன்னும் எத்தனை மாசம் ஆகுமோ. அவன் சொல்லத் தொடங்கினான். நான் அடுப்பை அணைத்துவிட்டு, கொடியில் காயும் துணியை எடுக்க வெளியே போனேன்.