பார்படாஸுக்கு நேர் விமானம் கிடையாது

பார்படாஸ் போக வேண்டுமென்றால் எங்கள் திருவொற்றியூர் வட்டாரத்தில் என்னைத்தான் கேட்க வேண்டும். வேறு எவனும் போனதில்லை. போனவன் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாலு வயதில் ராயபுரத்தில் டிரெய்லர் லாரிக்குக் கிளீனராக ஏறினேன். இன்றைக்கு ஆறு டிரெய்லர் என் பேரில் எண்ணூர் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் ஓடுகிறது. யாரும் தூக்கிவிடவில்லை, நானாக ஏறியது. டை கட்டிக்கொண்டு டிக்கெட் போட்டுக் கொடுக்கிற பையன்கள்கூட, அந்தத் தீவு எப்படி இருக்கும் அண்ணா என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

முதலில் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து அந்தத் தீவுக்கு நேர் விமானம் கிடையாது. லண்டன் போய் மாற வேண்டும். இங்கிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து தீவுக்கு இன்னும் ஒன்பது மணி நேரம், கீழே முழுக்கக் கடல்தான். லண்டனில் ஏர்போர்ட் ஒன்றல்ல, பல உண்டு. ஒன்றில் இறங்கி வேறொன்றில் ஏறும்படி டிக்கெட் போட்டுவிட்டு முழிக்காதீர்கள். நான் போனபோது தீவுக்கு விசா கேட்கவில்லை. ஆனால் லண்டனில் வெறுமனே மாறி ஏறுவதற்கே ஒரு விசா வாங்க வேண்டியிருந்தது. அதற்கு முன்கூட்டியே அலைய வேண்டும்.

நேர் விமானம் கிடையாது என்ற அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் நாலு வருஷம் ஓட்டினேன்.

என் மகள் அந்தத் தீவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. போன முதல் மாதமே அவள் போனில் அடுப்பங்கரையைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம், மரத்துக்குப் பின்னால் கடல். என் மனைவி நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டில் பிறந்தவள். அவள் மரத்தையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. அங்கே என்ன மீன் கிடைக்கிறது என்றுதான் கேட்டாள். இங்கே எல்லோரும் கோலா மீன்தான் சாப்பிடுகிறார்கள், தண்ணிக்கு மேலே பறக்குமே அதேதான் என்று மகள் சொன்னாள். அவ்வளவுதான், இவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கிளம்பத் தயாராகிவிட்டாள்.

"கோலா கெடைக்கிற ஊருய்யா. நம்ம ஊரு மாதிரி தான் இருக்கும். எப்போ போறோம்?" என்றாள்.

நேராப் போகிற விமானம் விடட்டும், போகலாம் என்றேன். நடுவில் இறக்கி ஏற்றினால் பெட்டி காணாமல் போகும், ஆளும் காணாமல் போவான் என்று துறைமுகக் கணக்குப் பேசினேன். கொழும்பில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றுகிற கண்டெய்னர்கள் எத்தனை நாள் தேங்கிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா என்றேன். ஒவ்வொரு வருஷமும் அவள் மீன் குழம்புக்கு மிளகாய்த்தூள் அரைக்கும்போது மகளுக்கென்று ஒரு டப்பா தனியாக எடுத்து வைப்பாள். கண்டெய்னர் யார்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் என் தோஸ்துங்க என்னை விடமாட்டார்கள். "இன்னா மாமு, நேரா வுட்டுட்டானா? இல்ல உன் டிரெய்லர்லயே போய்டப் போறியா?" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே டீ குடிப்பேன்.

உண்மை வேறு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் பெரிய எழுத்து இருபத்தாறும் தனித்தனியாகத் தெரியும், சேர்த்து வைத்தால் தெரியாது. ஆறு டிரெய்லருக்கு முதலாளி, பாஷை தெரியாத ஊரில் போர்டைப் பார்த்துக்கொண்டு திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நிற்பதா? பெண்டாட்டி பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பதா? அதுதான் பயம்.

அவளுக்கு அது தெரியும். எப்போது தெரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் மகள், ஏன் இன்னும் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று போனில் சலித்துக்கொண்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பது போல் இருந்தேன். என் மனைவி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னாள்: "நைனா எப்பவோ ரெடிம்மா. எனக்குத் தான் ப்ளேன்னா பயமா கீது. முட்டி வேற வலிக்குது."

முட்டி வலி நிஜம், அவள் மெதுவாகத்தான் நடப்பாள். பயம் அவளுடையது அல்ல. கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் போன அப்பனுக்குப் பிறந்தவள் அவள். நான் பேப்பரைத் தாழ்த்தவில்லை.

அதற்குப் பிறகு மகள் இரண்டு முறை லீவில் வந்து போனாள். இரண்டு முறையும் அம்மாவைத்தான் கேலி செய்தாள். அவளும் சிரித்துக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றாள்.

ஒரு ஆடி மாதம் காய்ச்சல் என்று படுத்த என் மனைவி எட்டாம் நாள் போய்விட்டாள். மகள் இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியம் முடித்துத் திரும்பும்போது, நீயாவது வா நைனா என்றாள். என் பயத்தைத் தன் பயம் என்று சொல்ல வீட்டில் இனி யாரும் இல்லை. சரி என்றேன். லண்டன் விசாவுக்கு அவளே அங்கிருந்து எழுதிப் போட்டு, டிக்கெட்டும் எடுத்து அனுப்பினாள்.

போர்டு படிக்கத் தெரியாதவன் எப்படிப் போனேன் என்று கேட்பீர்கள். கண்டெய்னர் மேல் நாலு எழுத்தும் ஏழு நம்பரும் இருக்கும். யார்டில் நாங்கள் அதைப் படிப்பதில்லை. கையில் உள்ள சீட்டில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்போம். நாற்பது வருஷத்தில் நான் ஒரு பெட்டியைக்கூட மாற்றி எடுத்ததில்லை. விமானத்துக்கும் அதே கதைதான். ரெண்டு எழுத்து, பின்னால் நம்பர். சீட்டிலும் போர்டிலும் ஒத்துப் பார், போ. லண்டனில் இறங்கியதும் மாறுகிற இடத்தில் ஒரு பெண் கேட் நம்பரைப் பேனாவால் என் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த கேட்டுக்கே போய் உட்கார்ந்தேன். இவ்வளவுதானா என்று மனசுக்குள் ஒரே கெத்து.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். துறைமுகத்தில் சீட்டில் எழுதியதுதான் சட்டம். துறைமுக வாசலான ஜீரோ கேட்டில் லாரி வரிசையில் நின்றால் சாப்பிடக்கூட இறங்கமாட்டோம், இறங்கினால் இடம் போய்விடும். அதே புத்தியில் போர்டை மறுபடி பார்க்காமல் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு சுற்றிலும் பார்த்தேன். காலையில் மாறுகிற இடத்துக்கு வந்த பஸ்ஸில், வாய்க்கு வாய் பார்படாஸ் பார்படாஸ் என்று ஓலைத் தொப்பியோடு ஒரு பெரிய குடும்பம் கலகலவென்று வந்தது. இங்கே ஒரு தொப்பியும் இல்லை. எல்லோரும் கம்பளிக் கோட்டு. ஒரே கப்பலில் ஏறும் பெட்டிகளை ஒரே அடுக்கில்தான் வைப்பார்கள். என் அடுக்கு இது இல்லை.

அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு நம் பக்கத்து முகம். வடக்கத்தி டிரைவர்களோடு பழகி எனக்கு லாரி இந்தி வரும். சீட்டை நீட்டி, "பஹன், பட்னா நஹி ஆத்தா" என்றேன். அக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது. என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சிரிக்கவில்லை. போர்டைப் பார்த்துவிட்டு, கேட்டை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி, மாப்புக் கட்டையை ஓரமாகச் சாய்த்துவைத்து என்னோடு பாதி வழி நடந்து வந்து கையைக் காட்டினாள். ஓடினேன். கடைசி ஆளாக ஏறினேன்.

தீவு ஏர்போர்ட் சின்னதுதான். படியில் இறங்கித் தரையில் நடக்க வேண்டும். மேலே வெள்ளையாகக் கூடாரம் மாதிரி கூரை, வெயில் நம் ஊர் வெயில், காற்றில் உப்பு. சாப்பாட்டுப் பொருள் கொண்டு போனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன். அதிகாரி மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து மூன்று தும்மல் போட்டார். யார் செய்தது என்று அவர் கேட்டதாக எனக்குப் பட்டது. "ஒய்ஃப்" என்றேன். அவர் மூடியை நன்றாகத் திருகி மூடி என் கையில் கொடுத்தார். அது அவள் கடைசியாக அரைத்த டப்பா.

வெளியே மகள் நின்றிருந்தாள். என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரு கணம் எனக்குப் பின்னால் பார்த்தாள். ஆள் இல்லை என்று தெரிந்தும் பார்த்தாள்.

மறுநாள் அந்தத் தூளில் கோலா மீன் குழம்பு வைத்தாள். போனில் பார்த்த அதே ஜன்னல், அதே மரம். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தபடி சொன்னாள்: "அம்மா மட்டும் பயப்படாம இருந்திருந்தா இத அதுவே இங்க நின்னு வெச்சிருக்கும், இல்ல நைனா?"

லண்டனில் இந்தியில் சொன்னதை இங்கே தமிழில் சொன்னேன். "பயம் அதுக்கு இல்லம்மா. எனக்கு. போர்டு படிக்கத் தெரியாதுன்னு தான் நான் வரல. அது எனக்காகச் சொல்லிச்சு."

அவள் அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"லீவுக்கு வந்தப்போல்லாம் கையப் பிடிச்சுக் கூட்டிகினு வந்திருப்பேனே நைனா," என்றாள். "அது பயப்படுதுன்னு தானே வுட்டேன்."

அவள் அழுததை இங்கே சொல்லப் போவதில்லை. குழம்பு ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டோம். தூளின் வாசம் அப்படியே இருந்தது.

ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினேன். லண்டனில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நாலு வருஷம் நான் பயந்த தூரம் எவ்வளவு என்று பார்க்கலாம் என்று, மாறுகிற இடத்திலிருந்து என் கேட் வரைக்கும் போர்டை ஒத்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு டீ ஆறுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. நம்ப முடியாமல் திரும்ப ஆரம்பத்துக்கே போனேன். இந்தத் தடவை மெதுவாக, என் முட்டி வலிக்காரி நடக்கிற வேகத்தில், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து நடந்தேன்.

அப்போதும் நேரம் மிச்சம் இருந்தது.