விண்ணப்பத்துக்கு எடுத்த போட்டோ

எழுபதுகளின் தொடக்கம். வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாமா, செலவு தாங்குமா என்று ஒரு மாதம் குழம்பினேன். ஒருவழியாக ஃபாரத்தை நிரப்பினால், அதற்கென்று திருவள்ளூர் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவைக் காணோம்.

“திருவாலங்காட்டு மாப்ள ஊட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன். அவ்ளோ செலவு பண்ணி அங்க போய் இன்னா கிழிக்கப் போற?” என்றார் அப்பா.

உடம்பெல்லாம் எரிந்தது. வேறு படம் எடுக்க நாளில்லை. உடனே ரயிலேறி, திருவாலங்காட்டில் அந்த வீட்டு வாசலில் நின்று, “என் போட்டோவக் குடுங்க!” என்று கத்தினேன்.

மாப்பிள்ளையின் அம்மா திகைத்துப்போனார். “இன்னாம்மா, உன்ன ஒரு வார்த்தை கேக்காமயா குடுத்தாங்க?” என்றபடி, மூலையில் மஞ்சள் தடவிய போட்டோவை எடுத்துவந்து நீட்டினார்.

அந்த மஞ்சளோடுதான் ஃபாரத்தில் ஒட்டினேன். இடம் கிடைத்தது, படித்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று முன்பின் தெரியாத அந்த அம்மாவுக்குத் தோன்றியது. பெற்றவருக்குத் தோன்றவில்லையே என்ற கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.