சுத்தமாக வரச் சொன்னார்கள்

என் மூத்த மகளின் வீட்டுக்காரரை வேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் 'செக்கிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுகிறார். காலையில் வண்டியை எடுக்குமுன் சக்கரங்களைக் காலால் உதைத்துப் பார்ப்பார், பிரேக்கை மிதித்துப் பார்ப்பார், கதவை இழுத்துப் பார்ப்பார், ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கி வந்து அதே கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பார். வீட்டிலும் அப்படித்தான். பாலை முகர்ந்து பார்க்காமல் காய்ச்ச விடமாட்டார். எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்த அன்றைக்கே நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பெண்ணையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவாரோ என்று என் தங்கை காதில் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

ஒருநாள் ஸ்டெப்னி சக்கரத்தைத் தூக்கி மாட்டப் போய், தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்துவிட்டது. படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். குடலிறக்கம் என்றார்கள். ஒரு தடவை உள்ளே போகாமல் அங்கேயே மாட்டிக்கொண்டு, மனுஷனை வலியில் சுருட்டிப் போட்டுவிட்டது. இனிமேல் தள்ளிப்போடக் கூடாது, திறந்து, உள்ளே ஒரு வலை வைத்துத் தைத்துவிட வேண்டும் என்றார்கள்.

கத்திக்கு அவர் பயப்படவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டிய அவருடைய சினேகிதர் ஒருவர் முழங்காலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. புண்ணில் கிருமி ஏறிவிட்டது. கால் மடங்காமலே போய், இப்போது பள்ளிக்கூட கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை தினமும் அவரைத் தாண்டித்தான் வண்டியை உள்ளே விடுகிறார். ஆஸ்பத்திரியை நன்றாகப் பார்க்காமல் படுக்கமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

மகளுக்குத் தையல் கடையில் லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன்.

முதலில் போன ஆஸ்பத்திரி ஒரு கண்ணாடி மாளிகை. தரையில் என் முகம் தெரிந்தது. சுவரில் கை கழுவுகிற மருந்துக் குப்பி மாட்டியிருந்தது. மாப்பிள்ளை அதை அழுத்தினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், இங்கே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இங்க அந்தப் பேச்சே கிடையாது சார். ஒருத்தருக்குக்கூட வந்ததில்ல," என்றாள்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை சொன்னார்: "ஒண்ணுகூட அழுகல் கிடையாதுன்னு சொல்றவன்கிட்ட நான் தக்காளியே வாங்க மாட்டேன் அத்தை."

இரண்டாவது ஆஸ்பத்திரி பழைய கட்டடம். பெஞ்சுக்கு ஒரு கால் ஆடியது. அதை ஆட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். ஆனால் அங்கே ஒரு நர்ஸ் ஒவ்வொரு கட்டிலைத் தொட்ட பிறகும் கையைக் கழுவினதை நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம். டாக்டரம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டார். அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "நூறு பேர்ல ரெண்டு பேருக்கு வரும். நாங்க எவ்வளவு பார்த்தாலும் வரும்," என்றார். ஆபரேஷன் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, கண்டவர்கள் உள்ளே வந்து பார்த்தால் அப்புறம் அது சுத்தமான அறை இல்லை என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது.

வீட்டில் ஒரே சண்டை. வராது என்று சொல்கிற இடத்தை விட்டுவிட்டு, வரும் என்று சொல்கிற இடத்துக்குப் போகிற ஆளை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று மகள் குதித்தாள். நான் மாப்பிள்ளை பக்கம். இன்றைக்குக் கேட்டாலும் அவர் பக்கம்தான். யார் வந்து பேசினாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பள்ளிக்கூட லீவில் நாள் குறித்தார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. காலையில் சாப்பிடக் கூடாது, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுச் சுத்தமாக வரவேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

சுத்தமாக என்றால் நீங்களும் நானும் குளித்துவிட்டுப் போவோம். இவரோ விடியுமுன்னே எழுந்து, புது பிளேடை வாங்கி வைத்திருந்தார் போல, அதைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டெடுத்து, நெஞ்சுக்குக் கீழே வயிறு முழுக்க ஒரு முடி இல்லாமல் மழித்துவிட்டார். பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்தார். பளபளவென்று வந்து நின்றார். அவர்களுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சட்டையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"யாரு உங்கள ஷேவ் பண்ணச் சொன்னது?"

"சுத்தமா வரச் சொன்னீங்களே."

அவள் போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். பிளேடு பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுமாம், கிருமி அதற்குள் போய் உட்காருமாம். முடியை எடுக்க வேண்டியிருந்தால் அவர்களே மெஷினில் மேலாக வெட்டுவார்களாம். டாக்டர் விளக்கை இழுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார். தான் வெட்டுகிற இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற கீறல் எதுவும் இல்லை என்றார். காத்திருக்கலாம், ஆனால் குடல் திரும்ப மாட்டிக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து, இன்றைக்கே செய்யலாம் என்றுதான் தனக்குப் படுகிறது என்றார். மாப்பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்தார். எங்கள் முகத்தில் என்ன இருக்கிறது பார்க்க? சரி என்றார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட இருக்காது. தையலைச் சுற்றிச் சிவந்தது, பிறகு வீங்கியது, பிறகு காய்ச்சல். திரும்பக் கூட்டிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கட்டைப் பிரித்து லேசாக அழுத்தினார். எதையும் மறைக்கவில்லை. சீழ் வைத்திருக்கிறது, தையலைப் பிரித்துத் திறந்து வைக்க வேண்டும், மருந்துக்கு அடங்காவிட்டால் உள்ளே வைத்த வலையையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். வலையை எடுத்தால் பிறகு என்ன என்று மகள் கேட்டாள். முதலிலிருந்துதான் என்றார். வண்டி ஓட்டுவதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளை மட்டும் ஒன்று கேட்டார். "என் பிளேடாலயா டாக்டர்?"

"இருக்கலாம். எங்க கையால வந்ததாவும் இருக்கலாம். உங்க தோல்லயே முன்னாடி இருந்ததாவும் இருக்கலாம். எதுன்னு என்னால சொல்ல முடியல."

யாரையாவது பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று மகள் வரிந்து கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தம்மா இப்படிச் சொன்னதும் அவளுக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போயிற்று. வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நூத்துல ரெண்டு பேருன்னு அவங்க சொன்னப்ப, அது யாரோ ரெண்டு பேருன்னு நெனச்சிட்டேன் அத்தை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. என்னாலதானா?"

இல்லை என்றால் நம்பமாட்டார். ஆமாம் என்றால் நம்பிவிடுவார். கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

"சூடா இருக்கு அத்தை. எடுத்துடுங்க," என்றார்.

எடுத்தேன்.