டிராக்டரில் தேறிய குத்துச்சண்டை வீரன்

செல்போனுக்குக் குத்துச்சண்டை விளையாட்டு உருவாக்குகிறவனுக்கு அடியெல்லாம் திரைக்கு வெளியேதான் விழும். தான் செய்ததை நாலு பேர் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்களும் என் ஜாதிதான்.

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். செல்போன் விளையாட்டில் வீரனைப் பழக்கிப் படிப்படியாக முன்னேற்றும் பகுதி என் பொறுப்பு. ஒரு வருஷ உழைப்பு. முதலாளி செல்வி கறாராகச் சொல்லிவிட்டார்: "ஜனங்க சண்டை போடத்தான் வராங்க. பயிற்சிய யாரும் சீண்டலன்னா தூக்கிடுவேன்."

உழவு ஓட்டிய பலன்

முதலில் நான் செய்தது இது: போனைப் பிடித்துக் கையை வீசினால் திரையில் வீரன் மணல் மூட்டையைக் குத்துவான். குத்தக் குத்த பலம் ஏறும். சோதித்துப் பார்க்க அக்கம்பக்க ஊர்களில் சிலருக்குக் கொடுத்தோம். தியாகதுருகம் முருகேசனின் வீரன் ஒரே நாளில் உச்சத்துக்குப் போய்விட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு ரசிகரா என்று பைக்கை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கவே போய்விட்டேன்.

முருகேசன் டிராக்டர் ஓட்டுநர். போன் சட்டைப்பையில் இருந்தது. வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலும் குத்தாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. அவர் அடக்கமாகச் சொன்னார்: "நான் பாட்டுக்கு உழவு ஓட்டிக்கினு இருந்தேங்க. அவன் தானா தேறிட்டான்."

நிற்கத் தெம்பில்லாதவன்

எல்லாவற்றையும் மாற்றினேன். குலுக்கலுக்கு இனி மதிப்பில்லை. கைபலம், கால்வேகம், தற்காப்பு மூன்றையும் தனித்தனியே விரலால் ஆடிப் பழக்க வேண்டும். எதை விட்டாலும் அது இறங்கும். ஓய்வு தராவிட்டால் வீரன் துவண்டுபோவான்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கஸ்தூரி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மாடிக்கு வந்து ஆடுவார். விடாமல் பழக்கியதில் அவர் வீரன் முதல் சுற்றிலேயே சுருண்டு விழுந்தான். திட்டப்போகிறார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாள் பூரா கடையில நின்னா எனக்கே கால் வீங்கிடுது. இவனையும் ஒக்கார வெக்கணும்னு தோணவே இல்ல பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மோதல்

முருகேசனையும் கஸ்தூரியையும் மோதவிட்டோம். செல்வி பக்கத்திலேயே நின்றார். தோற்றவர் மறுபடி பயிற்சிக்குப் போனால் என் பகுதி தப்பிக்கும், விளையாட்டை மூடிவிட்டால் நாளைக்கே அது இருக்காது.

புது முறையிலும் முருகேசன் தன் வீரனுக்குக் கைபலத்தை மட்டும்தான் பழக்கியிருந்தார். ஒரே குத்தில் கஸ்தூரியின் வீரன் விழுந்து எழுந்தான். இந்த முறை ஓய்வும் கிடைத்திருந்ததால் பிறகு அவன் சிக்கவே இல்லை. விலகி விலகி ஓடி, எதிராளி மூச்சு வாங்கியதும் புகுந்து இரண்டு குத்து விட்டான். அவ்வளவுதான், முருகேசனின் வீரன் தரையில். நான் கத்தியதில் கீழே உரக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

முருகேசன் போனைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். என் பகுதி போச்சு என்று நினைத்தேன். பாதிப் படியில் நின்றவர், மேலே ஏறிவந்து, கஸ்தூரிக்குக் கேட்காமல் என் காதருகே குனிந்தார்: "சார், காலுக்கு எந்தப் பயிற்சிங்க? இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன். அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பக்கத்தில் நின்ற செல்வி காதிலும் அது விழுந்துவிட்டது. ஒரு வருஷம் உழைத்தும் என்னால் காப்பாற்ற முடியாததை, ஒரு டிராக்டர்காரர் தோற்றே காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்.