பொலிசுக்கு நானே போன் எடுத்த நாள்

பெட்டிக்குள்ள பன்னிரண்டு பாகம் இருக்கவேணும். பதினொண்டுதான் இருந்தது. திரும்பத் திரும்ப எண்ணினன். பதினொண்டுதான்.

அடியவர்களே, என்னைத் தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். நான் கனடிய இராணுவத்தில பத்து வருஷத்துக்கு மேல துப்பாக்கி திருத்துற வேலை பாத்தனான். யாழ்ப்பாணத்துப் பெட்டைக்கு இதென்ன வேலை எண்டு இந்தக் கோயிலிலயே கனபேர் கேட்டிருக்கினம். முதுகு பழுதாகி வெளியில வந்த பிறகு செயின்ட்-மிஷேல் எண்ட இடத்தில சின்னக் கடை ஒண்டு திறந்தன். வேட்டைக்குப் போறவைக்கும் குறிபார்த்துச் சுடுற கிளப் ஆக்களுக்கும் துப்பாக்கியில பூட்டுற சாமான், தோள்வார், உறை எல்லாம் வித்தம். என்ர மனுசன் சிவா தையல் மெஷினில இருப்பார்.

பேந்து சில வகைத் துப்பாக்கியளுக்குத் தடைச் சட்டம் வந்தது. நாங்கள் கூடுதலா வித்தது தடைபட்ட துப்பாக்கியளுக்குரிய சாமான்தான். கடை அப்பிடியே படுத்திட்டுது. சில பாகங்களை இனி விக்கவே கூடாது, ஒப்படைக்கிற நாள் வரைக்கும் பூட்டி வைக்கவேணும் எண்டு அரசாங்கத்தால அறிவிச்சினம். நானும் பட்டியல் எழுதிப் பூட்டி வைச்சன். ஒப்படைக்க ரெண்டு கிழமை இருக்கேக்க திறந்து பாத்தால்தான் ஒண்டைக் காணேல்ல.

அது இப்ப ஆரின்ர கையில? அதைத் துப்பாக்கியில பூட்டி ஆரும் ஆரையும் சுட்டால்? சின்ன வயசில ஊரில எங்கட வீட்டை ஆமி சோதிச்சது. அரிசிப் பானையைக்கூடக் கொட்டிப் பாத்தவை. பிறகு நானே இன்னொரு நாட்டு யூனிபோம் போட்டும் அந்தப் பயம் உடம்பை விட்டுப் போகேல்ல. ரோட்டில ஆரும் கார்க் கதவு சாத்தினாலும் சன்னலால எட்டிப் பாத்தன். சிவாவைக்கூடச் சந்தேகப்பட்டன். சொல்ல வெக்கமாக் கிடக்கு.

ஒரு பாகம் குறையுது எண்டு அவரிட்டச் சொன்னன்.

"பட்டியல் உம்மட கையிலதானே இருக்கு. ஆர் எண்ணிப் பாக்கப்போகினம்?"

"மாத்தி எழுதச் சொல்லுறீங்களோ?"

அவர் நிலத்தைப் பாத்தார். "நீர் உள்ள போனால் நான் பிள்ளையளை வைச்சு என்ன செய்யிறது?"

ரெண்டு நாள் விரதமிருந்தன். கடையைத் தலைகீழாப் புரட்டினன். "முருகா, அதை என்ர கண்ணில காட்டு" எண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தன். ஒண்டும் கிடைக்கேல்ல. மூண்டாம் நாள் காலமை இஞ்ச வந்து அவன் முன்னால நிண்டன். அழுகைகூட வரேல்ல. அப்பதான் வாயில வேற சொல்லு வந்தது. "அது கிடைக்காட்டியும் பரவாயில்லை. பொய் சொல்லாமல் இருக்கிற பெலனைத் தா."

கடைக்குப் போய் பொலிசுக்கு நானே போன் எடுத்தன். ஒருக்கா நம்பர் பிழைச்சு, திரும்ப எடுத்தன்.

ரெண்டு பேர் வந்தினம். ஒரு பெண், ஒரு ஆண். பட்டியலை மேசையில வைச்சன். அந்தப் பெண் பிரெஞ்சில கேள்வி கேட்கத் தொடங்கினா.

"கடைசியா எப்ப பாத்தனீங்கள்?"

"தெரியாது, மேடம். உண்மையாத் தெரியாது."

அப்ப கடைப் போன் அடிச்சுது. "எடுங்கோ" எண்டா அவ.

எடுத்தது பியர்பொன்ட்ஸ் எண்ட இடத்தில இருக்கிற மார்செல். என்னோட இராணுவத்தில இருந்தவர், பழைய வாடிக்கையாளர். மான் வேட்டைக்காலம் வருது எண்டு அண்டைக்குத்தான் தன்ர துப்பாக்கி உறையைத் திறந்தவராம். "அடியில ஏதோ இரும்புத் துண்டு கிடக்கு. என்ர இல்லை. தொடவும் பயமாக் கிடக்கு."

தடை வந்த கிழமை அவற்ற துப்பாக்கியைத் திருத்தி உறையில வைச்சது நான்தான். அந்தக் குழப்பத்தில, பட்டியலில எழுதிப்போட்டுப் பெட்டியில வைக்காமல் மேசையில விட்ட பாகத்தையும் சேர்த்து உள்ள தள்ளியிருக்கிறன். ஆரும் களவெடுக்கேல்ல. என்ர கைதான்.

அந்தப் பெண் போனை வாங்கி, "தொடாமல் வையுங்கோ, வாறம்" எண்டா. போகேக்க என்னைப் பாத்துச் சொன்னா, "அவர் முதல்ல எங்களுக்கு எடுத்திருந்தால் உங்களுக்குப் பெரிய சிக்கல் வந்திருக்கும். நீங்கள் முந்தினது நல்லதாப் போச்சு." விசாரிச்சு, எச்சரிக்கையோட விட்டினம். கதவு சாத்தினதும் நானும் சிவாவும் நிலத்தில இருந்து அழுதம். அவரைச் சந்தேகப்பட்டதைச் சொன்னன். "நானும் உம்மைப் பொய் எழுதச் சொன்னனான்தானே" எண்டார்.

மார்செலின்ர பேத்தி பனியில சறுக்கிக்கொண்டே சுடுற போட்டிக்குப் போறவள். துப்பாக்கியை முதுகில காவுற வார் தோளை வெட்டுது எண்டு அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு வந்தார். அந்தத் துப்பாக்கியளுக்குத் தடை இல்லை. சிவா அளவெடுத்துத் தைச்சார். அவளின்ர கிளப்பில மற்றப் பிள்ளையளும் கேட்டினம். இப்ப எங்கட கடையின்ர வேலையே அதுதான். பழைய கடையை விடச் சின்னன். ஆனால் பூட்டி மறைக்க ஒண்டும் இல்லை.

நான் முருகனிட்டக் கேட்டது காணாமற்போன பாகம். அவன் முதல்ல தந்தது உண்மை சொல்லுற வாய். பாகம் பேந்துதான் வந்தது. அந்த வரிசையை நினைச்சால் எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்குது.

உங்களில ஆரும் இண்டைக்கு எதையாவது நெஞ்சுக்குள்ள ஒளிச்சு வைச்சுக்கொண்டு நடுங்கினால், பயம் தீர்ந்த பிறகு அவனிட்ட வருவம் எண்டு காத்திருக்காதேங்கோ. நடுங்கிக்கொண்டே வாங்கோ. நான் அப்பிடித்தான் வந்தனான்.