கிறீம் விற்றவளின் கன்னம்

முகத்துக்குப் பூசும் கிறீம் விற்பவளுக்கு முதல் எதிரி அவளுடைய முகம்தான். வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் குவியத் தொடங்கிய எழுபதுகளின் கடைசியில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். என் மனிசனுக்கு வாதம் வந்து ஒரு கையும் காலும் விளங்காமல் போயிற்று. நான் ஒரு ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீடு வீடாக ஏறினேன். தோலை இறுக்கும், சுருக்கத்தை நீக்கும் என்று போத்தலில் எழுதியிருந்ததை அப்படியே ஒப்புவிப்பேன். நாற்பது தாண்டியபின் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கன்னத்தை இரண்டு விரலால் மேலே தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்.

மருதமுனையில்

ஒரு நெசவுக்கார வீடு. தறியை நிறுத்திவிட்டு நாலு பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் பூசினால் பத்து வயது குறையும் என்று நானும் அடித்துவிட்டேன். உச்சி வெயிலில் நடந்து வந்திருந்ததால் வியர்வை என் கன்னத்துக் கோடுகளில் வாய்க்கால் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் போத்தலைப் பார்த்தாள்.

“ஏன் மச்சி, உங்களுக்கு ஒரு போத்தலும் மிச்சம் வைக்காம எல்லாத்தையும் வித்துப்போட்டீங்களா?”

வேலிக்கு அந்தப் பக்கம்

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். வாப்பா தன் வளவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ராத்தாவுக்கும் மறு பாதியில் எனக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். நடுவில் ஒரு கிடுகு வேலி. ராத்தா என் கூடப்பிறந்த மூத்தவள், என்னைவிட ஆறு வயது கூட. ஆனால் அவள் கன்னம் பிசைந்து வைத்த மாவு மாதிரி இறுகி, மினுமினுவென்று இருக்கும். கிறீமும் இல்லை, பவுடரும் இல்லை, பச்சைத் தண்ணீர் மட்டும்தான். எனக்கு வயிறு எரியும். சும்மா சொல்லவில்லை, அவளைக் கண்ணாரக் கண்ட நாளில் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் சம்மாந்துறையிலிருந்து ஒருத்தி வீடு தேடி வந்து போத்தல்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ராத்தா கிடுகு விலகிய வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, கொஞ்சம் உப்புக் கேட்டாள். வந்தவளின் கண் அங்கேயே நின்றுவிட்டது. அவ என்ன பூசுறா என்று கேட்டாள். நான் வாய் கூசாமல் இதைத்தான் என்று சொல்லி மூன்று போத்தலைத் தலையில் கட்டினேன். படியிறங்கும்போது அவள் சொல்லிவிட்டுப் போனாள்:

“உங்கட தங்கச்சி நல்ல வடிவு. பூசுற விதத்த நீங்களும் அவக்கிட்டக் கேட்டுப் பழகுங்க.”

மீன் தலை

பூசுவதில் இல்லையென்றால் தின்பதில்தான் இருக்க வேண்டும் என்று அவள் அடுப்படியை வேவு பார்க்கத் தொடங்கினேன். சந்தைக்குப் போவதெல்லாம் ராத்தாவின் புருசன்தான். மச்சான் கொண்டுவருகிற மீனில் நல்ல துண்டெல்லாம் அவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். தலையும் தோலும் முள்ளும் அவளுக்கு. அதை மிளகு போட்டு ஆணமாகக் காய்ச்சி, சட்டியோடு குடிப்பாள். பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். மூன்று மாதம் எங்கள் வீட்டில் மீன் தலைதான். பிள்ளைகள் தட்டைக் கண்டாலே அழத் தொடங்கினார்கள்.

பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் காரணம் கேட்டார். சொன்னேன். கடற்காற்றிலும் வெயிலிலும் கருவாடாகிப் போன தன் முகத்தை எனக்கு நேரே நீட்டினார்.

“முள்ளும் தலையும் தோலும் பிறந்த நாளிலிருந்து தின்னுறன் அக்கா, இந்த மூஞ்சியப் பாத்துமா கேக்குறீங்க?”

கட்டில் கயிறு

டிஸ்பென்சரி நடத்திய அப்போதிக்கரி ஐயாவின் மனைவிக்கு ஒரு போத்தல் விற்கப் போய், அவரிடமே மாட்டிக்கொண்டேன். தோலுக்கு அடியில் கொலாஜன் என்று ஒன்று இருக்கிறதாம். கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு எப்படியோ, அப்படித்தான் அது தோலைத் தாங்குகிறதாம். வயது போகப் போகக் கயிறு தளரும். மீன், முட்டை, கொய்யா, நெல்லிக்காய் தின்றால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் புதுக் கயிறு திரிக்கும். ஆனால் வெயில் அதை அறுத்துக்கொண்டே இருக்கும் என்றார். அப்படியென்றால் இந்தக் கிறீம் என்ன செய்யும் ஐயா என்று விடாமல் கேட்டேன்.

“கட்டில் சட்டத்துக்குப் பொலிஷ் அடிச்சாக் கயிறு இறுகுமா புள்ள?”

இத்தா

அன்றைக்கே ஒரு குடை வாங்கினேன். மூன்றாம் நாள் கடற்கரைக் காற்று அதைப் புரட்டி எறிந்தது. அப்புறமும் வெயிலில்தான் நடந்தேன், நடக்காவிட்டால் அடுப்பெரியாது.

எண்பதுகளின் நடுவில் மச்சான் மௌத்தானார். ராத்தா வழக்கப்படி நாலு மாதமும் பத்து நாளும் வெளியே காலெடுத்து வைக்காமல் ஓர் அறைக்குள் இத்தா இருந்தாள். முடிந்த அன்று பெண்கள் கூடினார்கள். வெள்ளைச் சீலையோடு அவள் வெளியே வந்தபோது, புதுப் பெண் மாதிரி இருக்கிறாளே என்று ஒருத்தி என் காதுக்குள் சொன்னாள். புருசனை இழந்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒருத்தியை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் பட்டேன். எல்லாரும் போனபின் வாயையும் அடக்க முடியவில்லை. உனக்கென்ன ராத்தா, இத்தா இருந்தும் மூஞ்சி மினுங்குது என்று சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. கையை நீட்டி, கறுத்துத் தொங்கிய என் கன்னத்தை மெல்லத் தடவினாள்.

“எல்லாரும் நாலு மாசம் பத்து நாள் எண்டு சொல்றாங்க. நான் முப்பது வருசமா இத்தாதான் இருந்தன்கா. அந்த மனிசன் என்ன வாசல் கேற்றத் தாண்ட விட்டாரா? நீ பையத் தூக்கிக்கிட்டுப் போறப்பெல்லாம் வேலிப் பொட்டுக்குள்ளால பாத்துப் பாத்து, அல்லாஹ்வே, அந்த வெயில் என்ட மூஞ்சியிலயும் ஒரு நாள் படாதா எண்டு எரிஞ்சிட்டுக் கிடந்தன்.”

மறுவாரம் முதல் பையின் ஒரு காதை ராத்தா பிடித்தாள், மறு காதை நான் பிடித்தேன். இப்போது எங்கள் இருவர் கன்னமும் ஒரே அளவுக்குத் தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற குளிர்ச்சியை நான் விற்ற எந்தக் கிறீமும் தந்ததில்லை.